வில்லின் முதுகைத் தாங்கிய நரம்பு

 



ஒவ்வோர் ஆண்டும் ஹஜ்ஜுப் பெருநாளில் ஆடும் மாடும் குர்பானி கொடுக்கிறோம். இறைச்சியை உறவினருக்கும் ஏழைகளுக்கும் பங்கிடுகிறோம். தோலை மதரஸாவுக்கோ வறியவர்களுக்கோ கொடுத்துவிடுகிறோம். கொம்பும், பின்னங்காலில் குதிக்கு மேலே ஓடும் வெண்மையான நரம்பும் பெரும்பாலும் குப்பைக்குப் போகின்றன. அறுப்பவர் கத்தியால் கழித்து எறியும் அந்த நரம்புதான் ஒரு காலத்தில் பேரரசுகளின் படைபலத்தைத் தாங்கியது என்று சொன்னால் நம்மில் எத்தனை பேர் நம்புவார்கள்? அந்த வரலாற்றையும் அதில் நமக்குரிய படிப்பினையையும் இக்கட்டுரையில் காண்போம்.

மார்க்கத்தில் வில்லின் இடம்

திருக்குர்ஆனின் 8ஆம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம், இயன்ற அளவு வலிமையைத் திரட்டி வைக்குமாறு கட்டளையிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று இவ்வசனத்தை ஓதி, வலிமை என்பது அம்பெய்தலே என்று மூன்று முறை விளக்கியதாக உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அஸ்லம் குலத்தார் அம்பெய்யும் போட்டியில் ஈடுபட்டிருந்தபோது அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள், அவர்களுடைய மூதாதையான இஸ்மாயீல் (அலை) அவர்களும் வில்லாளியே என்று நினைவூட்டி ஊக்கமளித்த செய்தியை ஸலமா பின் அல்அக்வஃ (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அல்லாஹ்வின் பாதையில் முதல் அம்பை எய்தவர் என்ற சிறப்பு ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இளமையில் அம்பெய்வதிலும் கல்வியிலும் மட்டுமே ஆசை கொண்டிருந்தார்கள் என்றும், பத்து அம்புகள் எய்தால் பத்தும் குறி தப்பாது என்றும் அவர்களுடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இடம்பெறும் மற்றொரு நபிமொழியை இங்கே சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஒரே அம்பின் காரணமாக மூவர் நன்மை பெறுகிறார்கள் என்கிறது அது. ஒருவர் எய்தவர். ஒருவர் அவருக்கு அம்பை எடுத்துக் கொடுத்தவர். மூன்றாமவர் யார்? நல்ல எண்ணத்துடன் அந்த அம்பைச் செய்து தந்த தொழிலாளி! போர்க்களத்தையே காணாமல், தன் பட்டறையில் மரத்தூளுக்கும் பசை நாற்றத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்த கைவினைஞரை எய்தவருக்குச் சமமாக உட்கார வைத்த மார்க்கம் இது. வரலாற்று நூல்கள் வென்ற தளபதியின் பெயரை எழுதும். வில்லைச் செய்தவரின் பெயரை எழுதாது. ஆகவே வில்லைச் செய்தவரைப் பற்றி நாம் சற்று விரிவாகவே பேசுவோம்.

மரம் மட்டும் போதாதா?

வில்லை வளைக்கும்போது நடப்பது என்ன? இலக்கை நோக்கிய வெளிப்புறம் இழுபடுகிறது. எய்பவரை நோக்கிய உட்புறம் நசுக்கப்படுகிறது. வெளிப்புறத்தை வில்லின் முதுகு என்றும் உட்புறத்தை வயிறு என்றும் கைவினைஞர் அழைப்பர். மரத்தால் நசுக்கத்தை ஓரளவு தாங்க முடியும். இழுபடுவதைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. தன் நீளத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு நீண்டாலே மரத்தின் நார் விட்டுப்போகத் தொடங்கும். முதுகில் ஒரு சிம்பு எழும்பினால் போதும், வில் முறிந்துவிடும். எனவே வெறும் மரத்தால் வில் செய்பவர் அதை நீளமாகச் செய்தாக வேண்டும். ஏறத்தாழ ஆள் உயரம் இருந்தால்தான் முறியாமல் போதுமான அளவு வளைக்க முடியும். அவ்வளவு நீளமான வில்லைக் குதிரை மீது அமர்ந்து, இடமும் வலமும் திருப்பி எய்வது கடினம்.

இதற்குத் தீர்வு விலங்கின் உடலிலேயே இருந்தது. தசையை எலும்போடு பிணைக்கும் நரம்பை மருத்துவ நூல்கள் தசைநாண் என்கின்றன. வில்லின் கயிற்றுக்கு நாண் என்று பெயரிட்ட தமிழ், அதே சொல்லை இங்கும் ஆண்டிருப்பது பொருத்தமே. மான் பாய்வதும் குதிரை ஓடுவதும் மாடு வண்டி இழுப்பதும் இந்தத் தசைநாணின் பலத்தால்தான். மரத்தைக் காட்டிலும் பல மடங்கு நீளும். முறியாது. விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதை வில்லின் முதுகில் ஒட்டினால் இழுவிசை முழுவதையும் அதுவே ஏற்றுக்கொள்ளும். மரத்துக்கு ஏற வேண்டிய சுமை குறையும். வில்லைக் குட்டையாகச் செய்யலாம். ஆனாலும் நெடுந்தொலைவு எய்யலாம்.

வயிற்றுப் பக்கத்தில் எருமைக் கொம்பைத் தட்டையாக அறுத்து ஒட்டினால் நசுக்கத்தைக் கொம்பு தாங்கிக்கொள்ளும். உள்ளே மரம், முதுகில் நரம்பு, வயிற்றில் கொம்பு, இவற்றை இணைக்கும் பசை என நான்கும் சேர்ந்ததையே கூட்டு வில் என்கிறோம்.

ஹிஜாஸ் பகுதி அரபுகள் மலைகளில் வளரும் நப்உ போன்ற மரங்களின் ஒரே கழியிலிருந்து வில் செய்தனர். வயிற்றில் ஆட்டுக் கொம்பும் முதுகில் நரம்பும் வைத்துப் பலப்படுத்திய வில்லும் அவர்களிடம் இருந்ததாக வில்வித்தை பற்றிய அரபு நூல்களில் செய்தி உண்டு. இந்த நரம்புக்கு அரபியில் 'அகப்' என்று பெயர். குதிகாலைக் குறிக்கும் 'அகிப்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். வுளூச் செய்யும்போது குதிகால் நனையாமல் விடுவோரை எச்சரிக்கும் ஹதீஸை நாம் அறிவோம். அங்கு வருவதும் இவ்வேர்ச்சொல்லின் பன்மையே. அலட்சியமாக விடப்படும் பின்புறத்தில்தான் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது.

நரம்பு ஒட்டும் கலை

இனி அந்தக் கைவினைஞரின் பட்டறைக்குச் செல்வோம்.

முதலில் மாடு, மான் போன்றவற்றின் கால் நரம்பையோ முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீண்ட நரம்பையோ எடுத்து, கொழுப்பும் சதையும் நீங்கச் சுரண்டி, நிழலில் காய வைப்பார். காய்ந்த நரம்பு மஞ்சள் பாய்ந்து, கண்ணாடி போல இறுகி, கைக்கு எலும்பாகத் தட்டுப்படும். அதை மரக்கட்டை மீது வைத்து மரச் சுத்தியால் தட்டுவார். இரும்புச் சுத்தி நாரை வெட்டிவிடும் என்பதால் அதைத் தொடமாட்டார். பொறுமையாகத் தட்டத் தட்ட, அந்த இறுகிய குச்சி வெண்மையான நாராகப் பிரியும். பிறகு அதைக் கையால் கிழித்து, சீப்பால் வாரி, தலைமயிர் போன்ற மெல்லிய இழைகளாக்குவார்.

அடுத்து இழைகளை நீளவாரியாகப் பிரித்துச் சிறு சிறு கட்டுகளாக எடை பார்த்து வைப்பார். வில்லின் இரு கைகளுக்கும் சரியான சம அளவு போக வேண்டும். ஒரு பக்கம் சற்றே கூடினாலும் வில் கோணும். கோணிய வில் குறி தப்பும். நிறுவையில் நீதி செய்யும்படி குர்ஆன் வலியுறுத்துவது கடைத்தெருவுக்கு மட்டும் உரியதன்று. பட்டறையில் அநீதியாக நிறுத்தவரின் வில்லே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடும்.

இப்போது பசை. நரம்புத் துண்டுகளையும் தோலையும் நீரில் மெல்லிய சூட்டில் காய்ச்சி எடுப்பது ஒரு வகை. நம் ஊர்த் தச்சர்கள் முன்பு பலகைகளை ஒட்டப் பயன்படுத்திய வச்சிரமும் இதே இனம்தான். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை மற்றொரு வகை. அதை உயர்ந்ததாகக் கருதினர். பசை கொதித்துவிட்டால் பலம் போய்விடும். ஆகவே விரல் பொறுக்கும் சூட்டிலேயே வைத்திருப்பார்கள்.

மரத்தின் முதுகைச் சீவிச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளியும் இல்லாமல் கழுவிக் காய வைப்பார். கைரேகையின் பிசுக்குப் பட்டாலும் அந்த இடத்தில் ஒட்டு விட்டுவிடும். பிறகு நீர்த்த பசையைப் பல முறை பூசி மரத்துக்குக் குடிக்கக் கொடுப்பார். இதற்குப் பிறகே நரம்புக் கட்டை வெதுவெதுப்பான பசையில் தோய்த்து, மிகுதியைப் பிழிந்துவிட்டு, வில்லின் நடுவிலிருந்து நுனி நோக்கி நீளவாட்டில் படுக்க வைப்பார்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு கட்டின் முனை முடியும் இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த கட்டின் முனை முடியக்கூடாது. கொத்தனார் செங்கல் அடுக்கும்போது ஒரு வரிசையின் இணைப்புக்கு மேல் அடுத்த வரிசையின் இணைப்பு வராமல் பார்த்துக்கொள்வதைப் போல, ஒவ்வொரு முனையையும் அடுத்ததன் நடுப்பகுதி அணைத்துக்கொள்ள வேண்டும். ஓர் இழை முடியும் பலவீனமான இடத்தை மற்றோர் இழையின் பலம் மூடிவிடுகிறது. முஃமின்களை ஒன்றையொன்று தாங்கும் கட்டடத்துக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டதை எண்ணிப் பாருங்கள். ஜமாஅத் தொழுகையின் ஸஃப்பில் இடைவெளி விடாமல் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும்படி நாம் கூறப்படுவதையும் எண்ணிப் பாருங்கள். தனி இழையாக எடுத்தால் ஒரு சிறுவன் கையால் அறுத்துவிடுவான். பசையில் தோய்ந்து ஒரே திசை நோக்கிப் படுத்த இழைகள் ஒரு குதிரை வீரனின் முழு பலத்தையும் தாங்கும்.

முதல் அடுக்கு ஒட்டியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அது நன்றாகக் காய வேண்டும். காலநிலையைப் பொறுத்து அதற்குப் பல நாட்கள், சில வேளை பல வாரங்கள் ஆகும். பிறகு இரண்டாம் அடுக்கு. தேவையானால் மூன்றாம் அடுக்கு. ஈர நரம்பு காயும்போது சுருங்கும். சுருங்கும்போது, நாண் பூட்டும் திசைக்கு எதிர்த்திசையில் வில்லையே வளைத்து இழுக்கும். அதனால்தான் நல்ல கூட்டு வில், நாண் கழற்றினால் மறுபுறம் வளைந்து பிறை போல நிற்கிறது. துருக்கிய உஸ்தாதுகள் ஒரு வில்லைத் தொடங்கி முடிக்க ஓராண்டும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டனர். அவசரப்பட்டு ஈரத்தோடு வளைத்தால் ஒட்டு விட்டு, அத்தனை உழைப்பும் வீணாகும். ஸப்ர் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். வேலையைச் செம்மையாகச் செய்துவிட்டு, அது பக்குவப்படும் வரை கை வைக்காமல் காத்திருப்பதும் ஸப்ர்தான்.

கடைசியில் ஈரம் புகாமல் முதுகின் மீது மெல்லிய தோலையோ மரப்பட்டையையோ ஒட்டி, அதன் மேல் மெருகு பூசி, ஓவியம் தீட்டுவார்கள்.

பல சமூகங்கள் கண்ட ஒரே வழி

இந்த அறிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் அருளப்பட்டதன்று. எகிப்தில் 1922இல் திறக்கப்பட்ட தூத்தன்காமன் மன்னரின் கல்லறையில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கூட்டு விற்கள் கிடைத்தன. மத்திய ஆசியப் புல்வெளிகளின் குதிரை வீரர்கள் இக்கலையில் தேர்ந்தவர்கள். நல்ல மரமே கிடைக்காத பனிப் பிரதேசங்களில் வாழ்ந்த இனுயிட் மக்கள், கடலில் மிதந்து வந்த கட்டையின் முதுகில் முறுக்கிய நரம்புக் கயிறுகளை வரிந்து கட்டி வில் செய்தனர். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதராக 1911இல் வெளியுலகுக்கு வந்த இஷி என்பவர், மான் நரம்பை மரவில்லின் முதுகில் ஒட்டும் முறையை அறிந்திருந்தார். ஸாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் அமர்ந்து கற்று அதை எழுதி வைத்தார். 1916இல் இஷி மறைந்தார். எழுதி வைக்க ஒருவர் இருந்ததால் அந்த இனத்தின் அறிவில் ஒரு பகுதி பிழைத்தது.

முஸ்லிம் உலகிலும் இவ்வறிவை எழுதிக் காத்தவர்கள் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் மம்லூக் ஆட்சிக் காலத்தில் தைபுகா என்பவர் வில்வித்தை பற்றி விரிவான அரபு நூல் இயற்றினார். 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் காலத்தில் முஸ்தஃபா கானி என்பவர் வில் செய்முறையையும் பயிற்சி முறையையும் தொகுத்தார். இஸ்தான்பூலில் ஓக்மைதான் என்ற அம்பெய்யும் திடலில், சாதனை படைத்தவர்களின் அம்பு விழுந்த இடங்களில் கல் நாட்டப்பட்டது. 1798இல் சுல்தான் மூன்றாம் ஸலீம் எய்த அம்பு ஏறத்தாழ 889 மீட்டர் சென்றதாகப் பதிவு உண்டு. மரம், கொம்பு, நரம்பு, பசை இவை மட்டுமே சேர்ந்து முக்கால் கிலோமீட்டருக்கு மேல் ஓர் அம்பைச் செலுத்தின! துருக்கியின் மரபுவழி வில்வித்தையை யுனெஸ்கோ 2019இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஃபிக்ஹின் பார்வை

இங்கே மார்க்க ரீதியான ஒரு கேள்வி எழும். எந்தப் பிராணியின் நரம்பை எடுக்கலாம்? முறைப்படி அறுக்கப்பட்ட ஹலாலான பிராணியின் நரம்பும் கொம்பும் தூய்மையானவை என்பதில் சிக்கல் இல்லை. தானாகச் செத்த பிராணியின் பாகங்களைப் பற்றியே இமாம்கள் விவாதித்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் அதன் கொம்பு, எலும்பு, நரம்பு யாவும் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் உயிரோட்டம் இல்லாத பாகங்களான கொம்பு, எலும்பு, உரோமம் ஆகியவை தூய்மையானவை. நரம்பைப் பற்றி இரு கருத்துகள் உண்டு. ஒரு தொழிலாளியின் கையில் இருக்கும் நாரைக் கூட ஃபிக்ஹு அறிஞர்கள் விட்டுவைக்கவில்லை என்றால், நாம் செய்யும் ஒவ்வொரு தொழிலிலும் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டல்லவா?

ஆயுதத்தைப் பற்றிய ஒழுக்கங்களையும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் செல்பவர் எவருக்கும் காயம் ஏற்படாதவாறு அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். உயிருள்ள எதையும் கட்டி வைத்து அம்பெய்யும் இலக்காக்குவதைத் தடுத்தார்கள். வலிமையைத் திரட்டச் சொன்ன அதே நாவுதான் கூர்முனையை மூடிப் பிடிக்கவும் சொன்னது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்பவர் மார்க்கத்தில் பாதியை விட்டவராவார்.

இந்திய மண்ணும் அடைமழையும்

இந்தியாவின் பழைய வில் பெரும்பாலும் மூங்கிலாலும் மரத்தாலும் ஆனது. அலெக்ஸாண்டருடன் வந்த நியார்க்கஸ், இந்தியக் காலாட்படையின் வில் ஆள் உயரம் இருந்ததாகவும், அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றிக் காலால் அழுத்தி எய்ததாகவும் எழுதியதை அர்ரியன் எடுத்துரைக்கிறார். டில்லியில் சுல்தான் இல்துத்மிஷின் காலத்தில் வாழ்ந்த ஃபக்ரெ முதப்பிர், போர்க்கலை பற்றிப் பாரசீகத்தில் எழுதிய ஆதாபுல் ஹர்ப் என்ற நூலில் பல நாட்டு விற்களை ஒப்பிடுகிறார். இந்திய மூங்கில் வில்லின் அம்பு நெடுந்தொலைவு செல்லாது என்றாலும் அருகில் பட்டால் கொடிய காயம் ஏற்படுத்தும் என்பது அவர் கணிப்பு. முகலாயர் காலத்தில் அபுல் ஃபஸ்லின் ஆயினெ அக்பரி, அரச ஆயுதச் சாலையின் ஆயுதங்களுள் வில்லையும் விலையோடு பட்டியலிடுகிறது.

வடக்கிலிருந்து வந்த கூட்டு வில்லுக்கு நம் நாட்டில் ஒரு பெரும் பகைவன் இருந்தான். அவன் மழை! பசை, நீரில் கரைந்து செய்யப்பட்டது. ஈரம் பட்டால் மீண்டும் இளகும். நரம்பும் ஈரத்தை உறிஞ்சித் தளரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே நீர் கோத்து நிற்கும் ஊரில் அப்படிப்பட்ட வில்லைக் காப்பது எளிதா? இதற்கு இந்தியக் கொல்லர்கள் கண்ட விடை வியப்பானது. கூட்டு வில்லின் வடிவத்திலேயே உருக்கினால் வில் செய்தனர். அது பாய்ச்சலில் நரம்பு வில்லுக்கு ஈடாகாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆயுதச் சாலையில் கிடந்தாலும் மழைக்கு இளகாது. இத்தகைய உருக்கு விற்கள் பல அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன. எது சிறந்தது என்று மட்டும் கேளாமல், எது நம் மண்ணுக்குப் பொருந்தும் என்றும் கேட்டவர்கள் அவர்கள்.

நம் பெரம்பலூரும் அரியலூரும்

இந்த வரலாறு நம் வட்டாரத்தையும் தொட்டுச் செல்கிறது. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் இராசேந்திரன் அமைத்த தலைநகரம். சோழர் கல்வெட்டுகள் வில் படையினரை வில்லிகள் என்று குறிப்பிடுகின்றன. கடல் கடந்து சென்ற அப்பேரரசின் வில்லாளிகள் இம்மண்ணில் நடமாடியவர்களே.

பின்னர் 17ஆம் நூற்றாண்டில், பெரம்பலூருக்கு வடக்கே உள்ள வாலிகண்டபுரம் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோதியின் தலைமையிடமாக இருந்தது. 1670களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாண்டிச்சேரியில் இடமளித்தவர் இவரே. பீஜப்பூர் முதலிய தக்காண அரசுகளின் ஓவியங்களில் வீரர்களின் இடையில் அம்பறாத்தூணியும் அதனுடன் வளைந்த கூட்டு வில்லும் காணப்படுகின்றன. அவ்வரசின் குதிரைப்படையோடு நரம்பு ஒட்டிய வில்லும் நம் செம்மண்ணுக்கு வந்திருக்க வேண்டும்.

1677இல் சிவாஜியின் படை தெற்கே வந்தபோது ஷேர்கான் தோற்றார். திருவதிகைப் பகுதியில் ஏற்பட்ட அத்தோல்விக்குப் பின் தம் அதிகாரத்தையும் நிலப்பரப்பையும் இழந்த அவருக்குப் புகலிடமானது அரியலூர்க் காடு. பட்டாணியக் குலத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் ஆளுநர் எல்லாம் இழந்து நின்ற வேளையில், தமிழ்ப் பாளையக்காரரின் நிலம் அவருக்கு அடைக்கலம் தந்தது. வாசகர்களே, இன்று வரலாற்றை இரண்டு சமயங்களின் சண்டையாக மட்டும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முயல்வோர் உண்டு. அவர்களுக்கு அரியலூர்க் காடு பதில் சொல்லும்.

1751இல் வாலிகண்டபுரத்தில் மீண்டும் போர் நடந்தது. ஒருபுறம் சந்தா சாஹிபும் பிரெஞ்சுக்காரர்களும். மறுபுறம் முஹம்மது அலியும் ஆங்கிலேயரும். இன்று தேசிய நெடுஞ்சாலையில் செல்வோர் காணும் ரஞ்சன்குடி கோட்டை இப்போருடன் தொடர்புடையது. ஆங்கிலேயர் பின்வாங்கி ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குச் சென்றனர். அப்போரில் முடிவு செய்தவை பீரங்கியும் துப்பாக்கியுமே. நூறு ஆண்டுகள் கூட ஆகவில்லை. அதற்குள் வில்லின் காலம் முடிந்திருந்தது. ஒரு கோட்டைக்காக முஸ்லிம் தலைவர்கள் இருவர் மோதினர். இருவருக்கும் பின்னால் நின்ற வெளிநாட்டார் நாட்டையே எடுத்துக்கொண்டனர்.

வில் போன பின் வில் செய்தவர்?

வட இந்தியாவில் வில் செய்யும் தொழிலாளருக்குக் கமான்கர் என்று பெயர். கமான் என்றால் பாரசீகத்தில் வில். துப்பாக்கி வந்து அவர்களுடைய தொழில் அழிந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள்? வில்லின் மீது பூவும் கொடியும் தீட்டிப் பழகிய கைகள் சுவர் ஓவியத்துக்குச் சென்றன. குஜராத்தின் கச்சுப் பகுதியில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மாளிகைகளின் சுவர்களை அழகுபடுத்திய கமான்கரி ஓவியங்கள் இந்த முஸ்லிம் கைவினைஞர்களின் படைப்புகளே. வட இந்தியாவில் வேறு சில கமான்கர் குடும்பங்கள் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர்களாயினர். எலும்பையும் நரம்பையும் பசையையும் வரிந்து கட்டும் முறையையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த கைகள் அல்லவா அவை? காயப்படுத்தும் கருவியைச் செய்தவர்களின் வாரிசுகள் காயத்தை ஆற்றுபவர்களாக மாறினார்கள். தொழில் அழிந்தாலும், தொழிலுக்குள் இருந்த அறிவு அழிய வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

படிப்பினை

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! உஹதுக் களத்தை நினைவுகூருங்கள். அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் 50 வில்லாளிகளை நபி (ஸல்) அவர்கள் குன்றின் மீது நிறுத்தி, எது நடந்தாலும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். வில் அவர்களிடம் இருந்தது, அம்பும் இருந்தது, திறமையும் இருந்தது. வெற்றி கிட்டியதாக எண்ணிப் பெரும்பாலோர் கீழே இறங்கியதும் களமே தலைகீழாக மாறியது. கருவி முறியவில்லை. கட்டுப்பாடு முறிந்தது. காய்வதற்கு முன் வளைக்கப்பட்ட வில்லுக்கு நேர்வதுதான் அவசரப்பட்ட கூட்டத்துக்கும் நேர்கிறது.

இன்று வலிமை என்பது வில்லும் வாளும் அன்று. படிப்பு, தொழில்திறன், உடல்நலம், நேர்மை, ஒற்றுமை ஆகியவையே இன்றைய வலிமை. நம் மஹல்லாவில் தச்சர் இருக்கிறார், கொத்தனார் இருக்கிறார், தையல்காரர் இருக்கிறார், மோட்டார் பழுது பார்ப்பவர் இருக்கிறார். அவர் மகனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். கூட்டத்தில் அவரைப் பின்வரிசையில் உட்கார வைக்கிறோம். அம்பைச் செய்தவரை எய்தவரோடு சேர்த்து எண்ணிய நபியின் உம்மத்து இப்படி நடக்கலாமா? வில்லை முறியாமல் காப்பது அதன் முதுகில், தோலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் நரம்பு. ஊரை முறியாமல் காப்பவர்களும் அப்படித்தான் பின்னால் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கையில் ஏதேனும் ஒரு தொழிலின் நுணுக்கம் இருக்குமானால், இன்றே உங்கள் பிள்ளையை அவர் அருகில் அமர்த்துங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இஷியின் அருகில் ஒருவர் அமர்ந்ததால் அவருடைய அறிவு பிழைத்தது. நம் வீட்டில் அமர ஆளில்லாமல் எத்தனை அறிவு கபுருக்குள் போய்விட்டது!

வல்ல அல்லாஹ் நம் கைகளுக்குத் திறமையையும், நம் உள்ளங்களுக்குப் பொறுமையையும், நம் ஸஃப்புகளுக்கு ஒற்றுமையையும் தந்தருள்வானாக! உழைப்போரைக் கண்ணியப்படுத்தும் சமுதாயமாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.